உஷார்! "கேம்ப் ஃபயர் இலவசம்" என்றால் அட்வான்ஸ் போடாதீர்கள்

முந்தாநாள் ராத்திரி பத்து மணிக்குத் தங்கச்சி மகன் சென்னையிலிருந்து ஒரு படம் அனுப்பினான். வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கும் விளம்பரம். நெட்டுக்குத்தாக நிற்கும் பைன் மரங்கள், நடுவில் ஆரஞ்சு நிறத்தில் ஆறேழு டென்ட், அவற்றுக்கு முன்னால் இடுப்புயரத்துக்குக் கொழுந்துவிட்டு எரியும் தீ. கீழே பெரிய எழுத்தில்: பைன் காட்டுக்குள் ஓர் இரவு, கேம்ப் ஃபயர் இலவசம், பார்பிக்யூ உண்டு, போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஜீப்.

"மாமா, மே லீவுக்கு நாங்க பன்னெண்டு பேர் வர்றோம். உங்க ஊர்ப் பக்கந்தானே, இடம் எப்படி?"

"மாப்ள, அட்வான்ஸ் போட்டுட்டியா?"

"நாளைக்குப் போடணும்."

"போடாத."

அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அவனுக்கு வந்த அதே படம் இந்நேரம் உங்கள் வீட்டுப் பிள்ளையின் போனிலும் இருக்கும்.

எங்கள் தேனிப் பக்கத்தில் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத ஒரு காட்சி உண்டு. மாசி, பங்குனியில் ராத்திரி மொட்டைமாடியில் நின்று மேற்கே பார்த்தால், இருட்டில் மலை இருக்கும் இடம் தெரியாது. ஆனால் நடுவானத்தில் யாரோ செவ்வந்தி மாலை போட்ட மாதிரி ஒரு சிவப்புக் கோடு வளைந்து தொங்கும். போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் சின்ன வயசிலிருந்தே பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். "மலையில தீ எறங்குது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவோம். அவ்வளவு பழகிப்போயிருந்தது. 2018-க்குப் பிறகு அப்படிச் சொல்லிவிட்டுப் போக முடியவில்லை.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்து இன்னொரு குழு, மொத்தம் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள். பாதிக்கு மேல் பெண்கள், மகளிர் தினத்தை ஒட்டி வந்தவர்கள். முந்தின ராத்திரி கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்தில் தங்கிவிட்டு, காலையில் குரங்கணி நோக்கி இறங்கத் தொடங்கினார்கள். கொழுக்குமலை கிட்டத்தட்ட எட்டாயிரம் அடி. குரங்கணி அடிவாரத்து ஊர். இடையில் செங்குத்துச் சரிவு, ஆளை மறைக்கும் காய்ந்த புல். மத்தியானத்துக்கு மேல், அவர்கள் பாதிச் சரிவில் இருக்கும்போது, கீழேயிருந்து தீ ஏறி வந்தது.

ஓடியவர்கள் ஓடினார்கள். புகையில் வழி தெரியவில்லை. பள்ளத்தில் விழுந்தவர்கள் உண்டு, பாறையில் உருண்டவர்கள் உண்டு. முதலில் ஏறிப்போனது குரங்கணி, கொட்டகுடிப் பக்கத்து மக்கள்தான். கருகிய உடம்புகளைப் போர்வையில் தொட்டில் கட்டித் தூக்கி இறக்கினார்கள். சூலூரிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. இருட்டும் புகையும் விடவில்லை. மறுநாள் விடிந்த பிறகுதான் கமாண்டோ வீரர்களால் முழுவீச்சில் இறங்க முடிந்தது. மலையிலேயே 9 பேர் போய்விட்டார்கள். மற்றவர்கள் தேனி, மதுரை, சென்னை ஆஸ்பத்திரிகளில் ஒவ்வொருவராக. கடைசியில் கணக்கு 23.

அன்று அவர்களில் யாரும் சாகசம் பண்ணப் போனவர்கள் இல்லை. படித்தவர்கள், வேலையில் இருந்தவர்கள், புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள். ஒரு சனி, ஞாயிறைக் காட்டில் கழிக்க வந்தவர்கள். நுழைவுச்சீட்டு வாங்கியது டாப் ஸ்டேஷன் வழிக்கு, போனது கொழுக்குமலைக்கு என்று அரசுத் தரப்பில் அப்போது சொன்னார்கள். அந்தச் சீட்டில் எழுதிய ஒரு ஊர்ப் பெயருக்கும் அவர்கள் நின்ற சரிவுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பற்றித்தான் இன்றைக்கும் எனக்குப் பயம். ஏனென்றால் இன்று வரும் டென்ட் விளம்பரங்கள் பெரும்பாலானவற்றில் அந்த இடைவெளி அப்படியே இருக்கிறது. "போடி பக்கம்", "மேகமலை வியூ", "கம்பத்திலிருந்து ஒரு மணி நேரம்". இடத்தின் பெயர் எங்கே? சர்வே எண் எங்கே? யாருடைய நிலம்? போய் இறங்குகிறவரைக்கும் தெரியாது.

இப்போது பைன் காட்டுக்கு வருகிறேன். புல்லுக்குத் தீப்பிடிக்கும், அது சரி, குளுகுளுவென்று நிழலாக இருக்கும் பைன் காட்டில் என்ன பயம் என்று மருமகன் கேட்டான். நியாயமான கேள்விதான். கொடைக்கானல் பைன் காட்டுக்குள் போனவர்களுக்குத் தெரியும், உள்ளே கால் வைத்ததும் உடம்பு சிலிர்க்கும். வாகமண்ணிலும் அப்படித்தான். ஈரமான காடு என்று நினைத்துக்கொள்கிறோம். அது ஈரக்காடு இல்லை.

பைன் நம் மலையின் மரமே இல்லை. கொடைக்கானலில் இருப்பது இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வெள்ளைக்கார வன அதிகாரி பிரையண்ட் காலத்தில் நட்டது. சோலைக்காட்டு இலை விழுந்தால் மட்கும். அடியில் ஈரம் தேங்கும். தீ உள்ளே வர யோசிக்கும். பைனின் ஊசியிலையோ சீக்கிரம் மட்காது. வருஷக்கணக்காக விழுந்து விழுந்து மெத்தை மாதிரி கிடக்கும். அதன்மேல் டென்ட் போட்டால் பஞ்சுமெத்தை சுகம் என்றே விளம்பரத்தில் எழுதுகிறார்கள். அந்த மெத்தை முழுக்கப் பிசின். ஊசிகளுக்கு நடுவே காற்று ஓடச் சந்து. அடுப்பு பற்றவைக்கத் தெரிந்த எந்த அம்மாவிடமும் கேட்டுப்பாருங்கள்: காய்ந்த சுள்ளி, எண்ணெய்ப் பசை, நடுவே காற்றுப் போக இடம். இதைவிட என்ன வேண்டும்? மேலே மரத்தின் கீழ்க்கிளைகள் பட்டுப்போய் ஏணிப்படி மாதிரி நிற்கும். தரையில் பிடித்தது அதில் ஏறி உச்சிக்குப் போகும். பைன் காய் பற்றினால் எரிந்துகொண்டே சரிவில் உருளும், போகிற வழியெல்லாம் பற்றவைத்துக்கொண்டே.

உத்தராகண்டில் ஒவ்வொரு கோடையும் பைன் காடுகள் எரிவது இதனால்தான். அங்கே ஊசிச்சருகுக்கு 'பிரூல்' என்று தனிப் பெயரே உண்டு. அதைக் கூட்டி அள்ளிக் கொடுத்தால் அரசாங்கமே கிலோக் கணக்கில் பணம் தருகிறது. 2024 ஜூனில் அல்மோரா மாவட்டம் பின்சர் சரணாலயத்தில் தீயை அணைக்கப் போன வனத்துறைப் பணியாளர்கள் அந்த இடத்திலேயே நான்கு பேர் இறந்தார்கள். தீயோடு பழகியவர்கள் அவர்கள். நம் பிள்ளைகள் மார்ஷ்மெல்லோ சுடப் போகிறவர்கள்.

இனி அந்த இலவச கேம்ப் ஃபயர். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

மலையில் காற்று பகலில் ஒரு பக்கமும் ராத்திரி ஒரு பக்கமும் வீசும். வெயில் ஏற ஏறச் சரிவு சூடாகி, காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏறும். பொழுது சாய்ந்து சரிவு குளிர்ந்ததும் காற்று மேலேயிருந்து கீழே இறங்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு நீங்கள் டென்ட் வாசலில் மூட்டும் தீயில் ஒரு பொறி கிளம்பினால், அது உங்களை விட்டு விலகிக் கீழ்ச்சரிவுக்குப் போய்விடும். ஒன்றும் ஆகாது. பாட்டுப் பாடுவீர்கள், படம் எடுப்பீர்கள், பன்னிரண்டு மணிக்கு ரெண்டு குவளைத் தண்ணீரை ஊற்றிவிட்டுத் தூங்கப் போவீர்கள். தண்ணீர் மேலே இருக்கும் சாம்பலை நனைத்திருக்கும். அடியில் ஊசிமெத்தைக்குள் கங்கு நனையாமல், சுடர் இல்லாமல், புகைகூடத் தெரியாமல் வேர் வழியாக ஊர்ந்துகொண்டிருக்கும். கீழே விழுந்த பொறியும் அப்படித்தான் கிடக்கும். காலை பத்து, பதினொன்று மணிக்குக் காற்று திரும்பும். அப்போதுதான் கங்கு கண் திறக்கும். நீங்கள் இட்லி சாப்பிட்டுவிட்டு ட்ரெக்கிங் கிளம்பியிருப்பீர்கள், மேல்நோக்கி. தீயும் மேல்நோக்கி வரும்.

சரிவு பத்துப் பாகை கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்புக்காரர்கள் உலகம் முழுக்கச் சொல்லும் கணக்கு. மனிதன் மேட்டில் ஏறும்போது வேகம் குறையும், தீக்குக் கூடும். குரங்கணியில் நடந்தது அதுதான். அதனால் காட்டில் புகை வாடை வந்தால் தயவுசெய்து மேலே ஓடாதீர்கள். குறுகலான ஓடைப் பள்ளத்திலும் இறங்காதீர்கள். அது புகைபோக்கி மாதிரி தீயை இழுக்கும். பக்கவாட்டில் விலகுங்கள். வெறும் பாறை, அகலமான பாதை, பச்சைத் தேயிலைச் செடிகள், ஏற்கெனவே எரிந்து கருத்துக் கிடக்கும் தரை, இவற்றில் எது பக்கமோ அங்கே போய் நில்லுங்கள். எரிந்து முடிந்த இடத்தில் தீ திரும்ப வராது. போட்டிருக்கும் துணியும் முக்கியம்: மலையேறுவதற்கென்று விற்கிறார்களே வழவழப்பான டீ-ஷர்ட், அது சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கெட்டியான பருத்தி போடுங்கள். அம்மா திட்டினாலும் பரவாயில்லை, பழைய ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு போங்கள்.

தீ மூட்டுவது தப்பு என்பது என் அபிப்பிராயம் மட்டும் இல்லை, சட்டமே அதுதான். 1882-ம் வருஷத்துத் தமிழ்நாடு வனச் சட்டம் காப்புக்காட்டில் தீ மூட்டுவதைத் தடுக்கிறது. சரணாலயத்தில் தீ வைப்பதும், வைத்த தீயை அப்படியே விட்டுவருவதும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் குற்றம். மேகமலை இப்போது வெறும் சுற்றுலா இடம் இல்லை. 2021 பிப்ரவரியிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். அங்கே போய்க் கேம்ப் ஃபயர் இலவசம் என்று ஒருவன் சொல்கிறான் என்றால், ஒன்று அவனுக்குச் சட்டம் தெரியாது, அல்லது தெரிந்தும் துணிந்தவன். இரண்டு பேர் கையிலும் பிள்ளைகளை ஒப்படைக்க முடியாது.

"அது பட்டா நிலம் சார், எஸ்டேட்டுக்குள்ள" என்பார்கள். இருக்கட்டும். பட்டாவுக்கும் காட்டுக்கும் நடுவே தீ நின்று எல்லைக்கல்லைப் பார்த்துவிட்டா வருகிறது?

குளிர் விஷயத்தில் இன்னொரு ஆபத்து இருக்கிறது, காட்டுத்தீயைவிடச் சத்தமில்லாதது. சமவெளியிலிருந்து வருகிறவர்களுக்கு மே மாசத்திலும் மலை ராத்திரி பல்லைக் கிட்டவைக்கும். பார்பிக்யூ முடிந்ததும் அடுப்பில் கரி கணகணவென்று இருக்கும். "வெளியில எதுக்கு வீணாகணும்" என்று யாராவது ஒரு புத்திசாலி அதை டென்ட்டுக்குள் தூக்கி வைப்பான், ஜிப்பை இழுத்துவிடுவான். எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. முதலில் தலைவலி, ஒரு மயக்கம், குமட்டல். மலையேறிய அசதி என்று நினைத்துப் படுப்பார்கள். உள்ளே இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தூக்கம் வருவதால் ஒருவரை ஒருவர் எழுப்ப ஆள் இருக்காது. 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் இப்படித்தான், சமைத்த அடுப்பை உள்ளேயே விட்டுவிட்டுத் தூங்கிய நண்பர்களில் இரண்டு இளைஞர்கள் விடிந்தபோது எழவில்லை. 2020 ஜனவரியில் நேபாளம் போன கேரளக் குடும்பங்கள், அறைக்குள் கேஸ் ஹீட்டர் வைத்துப் படுத்து, குழந்தைகள் உட்பட 8 பேர் இறந்தார்கள். அவை கட்டடங்கள். டென்ட் அதைவிடச் சின்னது.

கம்பளி எடுத்துப்போங்கள். குல்லா எடுத்துப்போங்கள். கரியை உள்ளே கொண்டுபோகாதீர்கள். கேஸ் அடுப்பையும்தான்.

யானையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. அரிசிக்கொம்பன் என்ற காட்டு யானை 2023 மே 27 அன்று கம்பம் தெருக்களில் ஓடியதை நாடே பார்த்தது. ஊருக்கு 144 போட்டார்கள். அன்று அதனால் அடிபட்டவர் பிறகு இறந்துபோனார். ஜூன் 5-ல் பிடித்து முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோனார்கள். அந்த யானையின் சொந்த ஊர் சின்னக்கானல். சூரியநெல்லி, கொழுக்குமலை என்று நீங்கள் டென்ட் புக் பண்ணுவது அதே அக்கம்பக்கம். அரிசிக்கொம்பன் போய்விட்டான், மற்ற யானைகள் அங்கேதான் இருக்கின்றன. கோடையில் ஏலத்தோட்டங்களில் பலா பழுக்கும் நேரத்தில் இறங்கி வரும். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் டென்ட்டுக்கு வெளியே நின்ற இளம் ஆசிரியை ஒருவரை யானை மிதித்துக் கொன்றது. அந்த டென்ட் விடுதிக்கு உரிமம் இருந்ததா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் எழுந்தது. பிறகுதான்.

எல்லைப் பிரச்சினை ஒன்று இருக்கிறது, இதை யாரும் யோசிப்பதில்லை. கொழுக்குமலை தமிழ்நாடு, ஆனால் வண்டி போகும் பாதை கேரளத்துச் சூரியநெல்லி வழி. ராத்திரி ஒருத்தருக்கு ஏதாவது ஆகி 108 அடித்தால், போன் கேரளத்து டவரைப் பிடித்திருந்தால் அழைப்பு அந்தப் பக்கம் போகலாம். பல வளைவுகளில் டவரே இருக்காது. கல்லும் குழியுமான அந்த ஜீப் பாதையில் சூரியநெல்லி இறங்கவே ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. அதற்குப் பிறகு போடிமெட்டு வளைவுகள், போடி, அப்புறம் க.விலக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. பெரிய தீக்காயம் என்றால் மதுரை. கையில் தீக்காயம் பட்டால் உடனே இருபது நிமிஷம் சாதாரணத் தண்ணீரை ஓடவிட வேண்டும். பேஸ்ட், மை, மாவு எதுவும் தடவக்கூடாது. அந்த இருபது நிமிஷத்துக்கான தண்ணீர் அங்கே இருக்கிறதா? பல முகாம்களில் லாரித் தண்ணீரோ குடத்துத் தண்ணீரோதான்.

போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மலையைப் பார்க்காமல் வளர்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கும் வருத்தம்தான். குரங்கணிக்குப் பிறகு அரசு நியமித்த அதிகாரி அதுல்ய மிஸ்ரா விசாரித்து அறிக்கை கொடுத்தார். அதே 2018-ல் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறையே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்தது. இணையத்தில் பதிவு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி, யார் எத்தனை மணிக்கு ஏறினார்கள் என்ற கணக்கு எல்லாம் உண்டு. குரங்கணியிலிருந்து சாம்பலாறு போகும் பாதையும் அதில் இருக்கிறது. 2025-ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை காட்டுத்தீக் காலம் என்று அந்தப் பாதைகளை அவர்களே மூடிவைத்தார்கள். அரசாங்கம் தன் வருமானத்தை நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தும் மாதங்களில், வாட்ஸ்அப்பில் ஒருவன் கேம்ப் ஃபயரோடு கூப்பிடுகிறான். இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேறு வேண்டுமா? ஏப்ரல் 15 தாண்டினால் பயமில்லை என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கோடை மழை இறங்காத வருஷத்தில் மே மாசமும் மார்ச் மாதிரிதான். இறங்கிய வருஷத்தில் வேறு ஆபத்து: உச்சியில் இடி, மரத்தடியில் மின்னல், ஓடையில் திடீர் வெள்ளம். இங்கே வெயில் அடிக்கும்போதே, கொடைக்கானல் மலையில் பெய்த மழைக்குக் கும்பக்கரை அருவியில் தண்ணீர் பாய்ந்து வந்துவிடும். ஓடைக்கரையில் டென்ட் போடவே போடாதீர்கள்.

மருமகனை அந்த விளம்பர எண்ணுக்குப் போன் போடச் சொன்னேன். மூன்று கேள்வி கேள் என்றேன். இடத்தின் லொக்கேஷனை இப்போதே அனுப்புவீர்களா, ஜீப் ஏறிய பிறகு இல்லை? வனத்துறை அல்லது ஊராட்சி அனுமதிக் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா? ராத்திரி தீப்பிடித்தால் நடந்து வெளியே வர இரண்டாவது வழி எது?

பதினைந்து நிமிஷத்தில் திரும்பக் கூப்பிட்டான்.

"மாமா, லொக்கேஷன் பணம் போட்ட பிறகுதான் தருவாங்களாம். அனுமதியெல்லாம் அவங்க பாத்துக்குவாங்களாம்."

"மூணாவது?"

"அதைக் கேட்டதும், 'என்ன சார், தீப்பிடிக்கும்னு சொல்றீங்க, அபசகுனமா'ன்னு போனை வச்சுட்டாங்க."

அவர்கள் பன்னிரண்டு பேரும் இப்போது என் வீட்டுக்கு வருகிறார்கள். சுருளி அருவிக்கு ஒரு நாள், வனத்துறை திறந்திருந்தால் சாம்பலாறு ஒரு நாள். ஆனால் அந்த எண்ணுக்கு இன்று வேறு யாரோ அட்வான்ஸ் போட்டிருப்பார்கள். மே லீவுக்குத் தேனிப் பக்கம் டென்ட் புக் பண்ணியிருக்கிறேன் என்று உங்கள் வீட்டில் யாராவது சொல்லியிருந்தால், சாப்பாட்டுக்கு முன்னாடியே அவர்களைக் கூப்பிட்டு அந்த மூன்றாவது கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள்.